ஒரு மன்னனின் பெயரில் ஒரு கடுஞ்சொல்

ஆங்கிலத்தில் சினந்து பேசுவதைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். அவற்றுள் 'பிலிப்பிக்' என்பதும் ஒன்று. ஒருவரையோ ஓர் ஆட்சியையோ எதிர்த்துச் சினம் பொங்க ஆற்றப்படும் கடுமையான கண்டன உரை என்று அகராதிகள் இதற்குப் பொருள் கூறும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல் இன்றும் வழக்கொழியவில்லை. ஒரு தலைவர் மற்றொரு தலைவரை மேடையில் வறுத்தெடுத்தால், அவர் 'பிலிப்பிக்' பொழிந்தார் என்று ஆங்கில ஏடுகள் எழுதும்.

இச்சொல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. பிலிப்பு என்றால் கிரேக்க மொழியில் 'குதிரைகளை நேசிப்பவன்' என்று பொருள். நம் திருத்தூதர்களுள் ஒருவருக்கும் இப்பெயர் உண்டு. ஆனால் இச்சொல்லில் உள்ள பிலிப்பு, கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகள் முற்பட்ட மாசிதோனியா நாட்டு மன்னர். மாவீரன் அலெக்சாண்டரின் தந்தை. அவர் கடுமையாகப் பேசிப் புகழ் பெற்றவர் அல்லர். அவரைக் குறித்து வேறொருவர் கடுமையாகப் பேசினார். அந்தப் பேச்சு, பேசியவரின் பெயரைப் பெறாமல், யாரைக் குறித்துப் பேசினாரோ அவருடைய பெயரைப் பெற்றுவிட்டது.

நம் தமிழில் கடுஞ்சொல்லுக்கு இரு வகைப் பெயர்கள் உண்டு. 'வசை', 'ஏச்சு' என்பன ஒரு வகை. 'இடித்துரை', 'கடிந்துரை' என்பன மற்றொரு வகை. வசை எதிரியின்மேல் எறியப்படுவது. அவனை வீழ்த்துவதே அதன் நோக்கம். இடித்துரையோ வேண்டியவரை நோக்கிச் சொல்லப்படுவது. அவர் எழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். நண்பன் தவறும்போது இடித்துரைப்பதை வள்ளுவர் நட்பின் கடமையாகவே வைத்தார். ஆங்கிலச் சொல்லான பிலிப்பிக் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது? வசையையே சேர்ந்தது என்று அகராதி சொல்லும். ஆனால் அச்சொல் பிறந்த இடத்திற்கே சென்று பார்த்தால் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது.

வடக்கே எழுந்த புயல்

கி.மு. 359இல் பிலிப்பு ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, மாசிதோனியா கிரேக்க நாட்டின் வடக்கு எல்லையில் கிடந்த ஒரு பின்தங்கிய நாடு. ஏதென்ஸ் நகரத்துக் கல்விமான்கள் அந்நாட்டவரைக் கிரேக்கர் என்று ஒப்புக்கொள்ளவும் தயங்கினர். பிலிப்போ இளமையில் தீப்ஸ் நகரில் பிணைக் கைதியாக இருந்து, அக்காலத்தின் மிகச் சிறந்த படைத் தலைவர்களின் போர்முறைகளை அருகிலிருந்து கண்டவர். உழவரையும் ஆயரையும் கூட்டி ஆண்டு முழுதும் பயிற்சி பெற்ற படையாக அவர் மாற்றினார். ஏறக்குறைய 18 அடி நீளமுள்ள ஈட்டிகளை ஏந்தி அணிவகுத்து வந்த அப்படையின் முன் நிற்பது எளிதாக இல்லை.

கி.மு. 357இல் ஏதென்ஸ் உரிமை கொண்டாடி வந்த அம்பிபொலி நகரைப் பிலிப்பு கைப்பற்றினார். அடுத்த ஆண்டு பங்கேயோன் மலைப் பகுதியின் தங்கச் சுரங்கங்களை ஒட்டியிருந்த கிரெனிதெஸ் என்னும் ஊரைத் தமதாக்கி, அதைப் பெரிதாக்கி, அதற்குத் தம் பெயரையே சூட்டினார். அச்சுரங்கங்கள் ஆண்டுக்கு 1000 தாலந்து அளவுக்குத் தங்கம் தந்தன என்று பண்டைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார். பிலிப்பு தம் பெயரைச் சூட்டிய அந்த ஊரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதியில் அங்கேதான் வந்து சேரப்போகிறோம்.

இத்தனையும் நடந்துகொண்டிருக்க, ஏதென்ஸ் என்ன செய்தது? கூடியது, பேசியது, தீர்மானம் நிறைவேற்றியது, கலைந்தது. பழைய வெற்றிகளின் பெருமையிலேயே அந்நகர் வாழ்ந்துகொண்டிருந்தது. போருக்குச் செல்லக் கூலிப் படை இருந்தது. கூலிப் படைக்குக் கொடுக்கத்தான் கூலி இல்லை.

நாத் தடுமாறிய இளைஞர்

அந்த ஏதென்ஸில் கி.மு. 384இல் பிறந்தவர் டெமாஸ்தனிஸ். தந்தை வாள் செய்யும் பட்டறையும் கட்டில் செய்யும் பட்டறையும் நடத்திய செல்வர். மகனுக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்தார். ஏறத்தாழ 14 தாலந்து மதிப்புள்ள சொத்து மூன்று காப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மகன் வயதுக்கு வந்து கணக்குக் கேட்டபோது, எஞ்சியிருந்தது ஒரு தாலந்துக்குச் சற்று மேல். தாலந்து உவமையை நற்செய்தியில் வாசித்திருக்கும் நமக்கு, ஒரு தாலந்து என்பது 6000 திராக்மா என்றும், ஒரு திராக்மா ஏறக்குறைய ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி என்றும் சொன்னால், அந்த இளைஞர் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

இழந்ததை மீட்க அவர் வழக்கு மன்றம் ஏறினார். பேச்சுக்கலையைக் கற்றது அதற்காகவே. ஆனால் இயற்கை அவருக்குத் துணைநிற்கவில்லை. மூச்சுக் குறைவு, நாத் தடுமாற்றம், மெலிந்த குரல். முதன்முறை மக்கள் பேரவையில் பேசியபோது மக்கள் நகைத்தார்கள். பின்னர் அவர் வாயில் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகியதையும், மேட்டில் ஓடிக்கொண்டே செய்யுள்களை ஒப்பித்ததையும், வெளியே செல்ல மனம் வராதபடி தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டு நிலவறையில் பயின்றதையும் புளூட்டார்க் விவரிக்கிறார். புளூட்டார்க் எழுதியது ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்குப் பின்னர் என்பதால், இவற்றுள் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை என்று பிரித்தறிவது கடினம். ஆனால் ஒன்று உறுதி. உரைகளை முன்கூட்டியே எழுதி, செதுக்கி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்த பின்னரே அவர் மேடை ஏறினார். திடீர்ச் சினத்தில் வாய்க்கு வந்ததைக் கொட்டியவர் அல்லர் அவர்.

கி.மு. 351: கண்டிக்கப்பட்டவர் யார்?

கி.மு. 351இல், தம் முப்பத்து மூன்றாம் வயது வாக்கில், டெமாஸ்தனிஸ் பேரவையில் எழுந்து ஆற்றிய உரைதான் முதலாம் பிலிப்பிக். அதன் பின்னர் கி.மு. 344, 341 ஆகிய ஆண்டுகளிலும் அதே பொருள் பற்றிப் பேசினார். நான்கு உரைகள் இப்பெயரில் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் நான்காவது அவருடையதுதானா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளனர்.

முதல் உரையைப் படிப்பவர், பிலிப்பு மன்னர்மேல் வசை மாரி பொழிந்திருக்கும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கினால் ஏமாந்து போவார். பிலிப்பின் குற்றங்களுக்கு அவ்வுரையில் சிறிதளவே இடம் கிடைக்கிறது. சாட்டையடி முழுவதும் விழுவது, எதிரே அமர்ந்திருந்த ஏதென்ஸ் மக்கள்மேல்தான். அவர்கள் அவருடைய சொந்த மக்கள். அவருக்கு வாக்களிக்க வேண்டியவர்கள். சினந்தால் அவரைத் தண்டிக்கவும் வல்லவர்கள்.

அவர் சொல்லும் உவமைகள் இன்றும் சுடுகின்றன. குத்துச்சண்டையில் பயிற்சியில்லாதவன் அடி விழுந்த பின்னரே அவ்விடத்தைக் கையால் மறைப்பான். மறுபுறம் அடி விழுந்தால் கை அங்கே ஓடும். வரப்போகும் அடியை முன்னதாகக் காணவும் தடுக்கவும் அவனுக்குத் தெரியாது. நீங்கள் பிலிப்போடு போரிடுவது இப்படித்தான் என்கிறார். விழாக்கள் மட்டும் குறித்த நாளில் குறைவின்றி நடக்கின்றன, ஏனெனில் அவற்றுக்கு யார் பொறுப்பு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளன. கப்பற்படை மட்டும் எப்போதும் காலங்கடந்தே போய்ச் சேர்கிறது என்கிறார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படைத் தலைவர்கள் போர்க்களத்துக்கு அல்ல, குயவர் செய்யும் மண் பொம்மைகளைப் போலச் சந்தைத் திடலில் காட்சிக்கு வைக்கவே உதவுகிறார்கள் என்கிறார்.

இன்னொரு கண்டனம் நம் கவனத்தைத் தனியே ஈர்க்கிறது. சந்தைத் திடலில் சுற்றித் திரிந்து, 'புதிதாக ஏதேனும் செய்தி உண்டா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே. மாசிதோனியன் ஒருவன் உங்களைத் தோற்கடித்து வருவதைவிடப் புதிய செய்தி வேறென்ன வேண்டும் என்று அவர் கேட்கிறார். பிலிப்பு நோயுற்றிருப்பதாக ஒருவர் சொல்வார், இறந்தே போனதாக மற்றொருவர் சொல்வார். அதனால் உங்களுக்கு என்ன? இவர் இறந்தால், உங்கள் சோம்பலே விரைவில் இன்னொரு பிலிப்பை உருவாக்கிவிடும் என்கிறார். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின்னர் புனித பவுல் (சின்னப்பர்) அதே நகரில் காலடி வைத்ததைக் கூறும் திருத்தூதர் பணிகள் நூல், ஏதென்ஸ் மக்கள் புதுச் செய்திகளைச் சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைக் கழித்தவர்கள் என்று குறிப்பிடுவதை இங்கே நினைவுகூரலாம்.

உரையின் தொடக்கத்திலேயே அவர் ஒரு விந்தையான ஆறுதலைச் சொல்லிவிடுகிறார். கடந்த காலத்தில் மிக மோசமாக இருந்ததே வருங்காலத்துக்கு மிகப் பெரிய நம்பிக்கை என்பது அது. எப்படி? செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் நீங்கள் தோற்றிருந்தால் இனி மீட்சிக்கு வழியில்லை. நீங்களோ செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை. ஆகவே எழுந்தால் வெல்லலாம். குற்றச்சாட்டையே நம்பிக்கைக்கு அடித்தளமாக்கும் இந்த வாதத்தை வசைபாட வந்தவர் சொல்லமாட்டார்.

கண்டனத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. கணக்கையும் கையோடு கொண்டுவந்திருந்தார். உடனடியாக ஒரு நிலைப்படை வேண்டும். அதில் காலாட்படையினர் 2000 பேர். அவர்களில் 500 பேரேனும் ஏதென்ஸ் குடிமக்களாக இருக்க வேண்டும். குதிரை வீரர் 200 பேர். அவர்களில் 50 பேர் குடிமக்கள். விரைந்து செல்லும் போர்க்கப்பல்கள் 10. கப்பல்களுக்கு ஆண்டுக்கு 40 தாலந்து, காலாட்படைக்கு 40, குதிரைப் படைக்கு 12. ஆக மொத்தம் 92 தாலந்து, அதற்கு மேல் சிறிதளவு. அப்பணம் வரும் வழிகளையும் எழுதிக் கொண்டுவந்து வாசித்தார். பெரும்படை திரட்டுவோம் என்று வீரம் பேசுவதை விட்டு, செய்யக்கூடியதைச் சொன்னார். பிறரைக் கூலிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், நீங்களே கப்பல் ஏறுங்கள் என்பதே அத்திட்டத்தின் சாரம்.

தோல்வியும் பெருமையும்

அந்த உரை வெற்றி பெறவில்லை. திட்டத்தைப் பேரவை ஏற்கவில்லை. கி.மு. 348இல் ஒலிந்தஸ் நகரைப் பிலிப்பு தரைமட்டமாக்கினார். ஏதென்ஸ் அனுப்பிய உதவி வழக்கம் போல் காலங்கடந்தது. கி.மு. 341இல் ஆற்றிய மூன்றாம் பிலிப்பிக்கே அவர் உரைகளில் தலைசிறந்தது என்பர் பலர். அதன் பின்னரே மக்கள் மெல்ல அசைந்தனர். விழாக்களுக்கென ஒதுக்கிய பணம் போருக்குத் திருப்பப்பட்டது. பழைய பகையை மறந்து தீப்ஸ் நகரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆனால் காலம் கடந்துவிட்டது. கி.மு. 338இல் கெரோனியாவில் நடந்த போரில் பிலிப்பு வென்றார். ஏதென்ஸ் வீரர்களில் 1000 பேருக்கு மேல் மடிந்தனர். 2000 பேர் சிறைப்பட்டனர். டெமாஸ்தனிசும் சாதாரணப் படைவீரராக அக்களத்தில் நின்றார். தப்பி ஓடியவர் என்று அவருடைய பகைவர் பின்னாளில் பழித்தனர்.

இங்கேதான் வரலாறு நம்மை வியக்க வைக்கிறது. மடிந்தவர்களுக்கு இரங்கல் உரை ஆற்ற யாரை அழைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, பதின்மூன்று ஆண்டுகளாகத் தங்களைக் கடிந்துகொண்டே இருந்த அந்த மனிதரையே ஏதென்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சொல்லைக் கேட்டுப் போருக்குப் போனதால்தான் தங்கள் பிள்ளைகள் இறந்தார்கள் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆயினும் அவர் கடிந்தது தங்கள்மேல் கொண்ட அன்பினால் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

அவரைப் புனிதராக்கிவிட வேண்டியதில்லை. கி.மு. 336இல் பிலிப்பு கொலையுண்ட செய்தி வந்தபோது, தம் மகள் இறந்து சில நாள்களே ஆகியிருந்தும், மாலை சூடி மகிழ்ச்சியோடு வெளியே வந்தார் என்பர். கி.மு. 330இல் தம் போட்டியாளர் எஸ்கினிசுக்கு மறுமொழி கூறியபோது, அவருடைய தாய் தந்தையரையும் விட்டுவைக்காமல் ஏசினார். கி.மு. 324இல் பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 50 தாலந்து தண்டம் விதிக்கப்பட்டு நாட்டைவிட்டு ஓடினார். ஒரே நாவிலிருந்து இடித்துரையும் வரும், வசையும் வரும் என்பதற்கு அவரே சான்று. அலெக்சாண்டர் இறந்தபின் மாசிதோனிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி தோற்றது. கி.மு. 322இல் கலவுரியா தீவின் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த அவர், தம்மைப் பிடிக்க வந்தவர்களிடம் வீட்டாருக்கு மடல் எழுத நேரம் கேட்டு, எழுதுகோலில் மறைத்து வைத்திருந்த நஞ்சை உண்டு இறந்தார் என்று புளூட்டார்க் கூறுகிறார். 42 ஆண்டுகளுக்குப் பின்னர் ஏதென்ஸ் மக்கள் சந்தைத் திடலில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். அவர்கள் செய்தி தேடிச் சுற்றித் திரிந்த அதே திடல்தான் அது.

உரோமையில் மாறிய பொருள்

மூன்று நூற்றாண்டுகள் கழித்து அப்பெயர் உரோமைக்கு வந்தது. கொண்டுவந்தவர் இலத்தீன் மொழியின் ஈடற்ற நாவலர் சிசரோ. கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு கான்சல் என்னும் உயர் பதவியில் இருந்த மார்க் ஆன்டணி ஆட்சியைத் தம் கைக்குள் கொண்டுவர முயன்றார். குடியரசு இதனால் அழியும் என்று கண்ட சிசரோ, செப்டம்பர் 2 அன்று செனட் சபையில் அவருக்கு எதிராகப் பேசினார். அதிலிருந்து கி.மு. 43 ஏப்ரல் 21 வரை நீளும் 14 உரைகள் இன்று கிடைக்கின்றன.

அவற்றுக்குப் பிலிப்பிக் என்று பெயரிட்டது ஒரு வேடிக்கையாகவே தொடங்கியது. சீசரைக் கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டசுக்கு எழுதிய மடல் ஒன்றில் சிசரோ அப்பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்ல, உரைகளைப் படித்த புரூட்டஸ் அவை அப்பெயருக்குத் தகுதியுடையவையே என்று மறுமொழி எழுதினார்.

பெயர் அதுவே, பொருள் மாறிவிட்டது. சிசரோவின் உரைகளிலும் செனட் சபைக்கு அறைகூவல் உண்டு. செய்ய வேண்டிய தீர்மானங்கள் உண்டு. உயிருக்கு அஞ்சாத துணிவும் உண்டு. ஆனால் அவற்றுள் புகழ்பெற்ற இரண்டாம் உரை முழுக்க முழுக்க ஆன்டணி என்னும் தனிமனிதரைக் குறிவைக்கிறது. அவருடைய குடிவெறி, கடன், ஒழுக்கக்கேடு, பொதுமக்கள் முன் வாந்தி எடுத்த நிகழ்ச்சி என எதுவும் விடப்படவில்லை. இருவருக்கும் பழைய பகையும் இருந்தது. கி.மு. 63இல் சிசரோ கான்சலாக இருந்தபோது மரண தண்டனைக்கு உட்படுத்தப்பட்ட லெந்துலுஸ், ஆன்டணியின் தாயை மணந்தவர். அந்த இரண்டாம் உரை மேடையில் பேசப்படவே இல்லை. எழுத்திலே மட்டும் பரவியது. கேட்போர் இல்லாத அவ்வுரையே வசைக்கலையின் முடிமணி என்று பின்வந்த தலைமுறைகள் போற்றின.

டெமாஸ்தனிஸ் தம் மக்களைப் பார்த்து நின்றார். எதிரி வெகு தொலைவில் இருந்தார். சிசரோ எதிரியைப் பார்த்து நின்றார். வேறுபாடு அதுவே.

விளைவு கொடியது. சிசரோ பரிந்து வளர்த்த இளைஞர் ஆக்டேவியன், ஆன்டணியோடு கைகோத்துக்கொண்டார். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலில் சிசரோவின் பெயர் ஏறியது. கி.மு. 43 டிசம்பர் 7 அன்று, 63 வயதான அவர் பல்லக்கில் சென்றுகொண்டிருந்தபோது வெட்டப்பட்டார். தலையும், பிலிப்பிக் உரைகளை எழுதிய கையும் கொண்டுவரப்பட்டு, அவர் பேசிப் புகழ் பெற்ற மேடையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆன்டணியின் மனைவி புல்வியா, அறுந்த தலையின் நாவைத் தம் கொண்டை ஊசியால் குத்தினாள் என்று தியோ காசியுஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

இக்கதையைத் திருச்சபைத் தந்தையருள் ஒருவரும் எடுத்தாண்டுள்ளார். இளமையில் சிசரோவின் நூல்களில் மூழ்கிக் கிடந்தவர் புனித ஜெரோம். தீர்ப்பு இருக்கையின் முன் நிறுத்தப்பட்டு, 'நீ கிறிஸ்தவன் அல்ல, சிசரோவின் சீடன்' என்று கடிந்துகொள்ளப்பட்டதாகத் தாம் கண்ட கனவை அவரே ஒரு மடலில் விவரித்துள்ளார். அவர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலொன்றில், புல்வியா சிசரோவுக்குச் செய்ததையும் ஏரோதியா திருமுழுக்கு யோவானுக்குச் செய்ததையும் இணைத்துக் காட்டி, உண்மையைக் கேட்கப் பொறாதவர்கள் உண்மை பேசிய நாவைக் குத்தினார்கள் என்கிறார். ஆனால் அந்த நூல் எது? தம் இளமை நண்பர் ரூபினுஸ் என்பவரைத் தாக்கி அவர் எழுதிய கடும் மறுப்பு நூல். நண்பர் இருவரும் அறிஞர், இருவரும் துறவியர். அவர்களுடைய பூசல் உலகறிய வெடித்ததைக் கண்டு புனித அகுஸ்தீனார் மனம் நொந்து ஜெரோமுக்கு எழுதினார். சிசரோவின் சீடன் என்று கனவில் கேட்ட குரல் எவ்வளவு உண்மையானது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலம் இச்சொல்லை ஏற்றபோது சிசரோவின் பொருளையே ஏற்றது. இலத்தீன் பயின்ற ஐரோப்பிய மாணவர்களுக்கு இரண்டாம் பிலிப்பிக் நன்கு அறிமுகமானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கவிஞர் லாகிராஞ்ச் ஷான்செல், அரசப் பிரதிநிதியாக ஆண்டுவந்த ஒர்லேயான் கோமகனைத் தாக்கிக் கவிதைகள் எழுதினார். கோமகனின் பெயரும் பிலிப்புதான். கவிதைகளின் பெயரும் 'பிலிப்பிக்குகள்' தான். கவிஞர் சிறைத்தீவுக்கு அனுப்பப்பட்டார். இவ்வாறு, தன் மக்களை எழுப்ப முயன்ற ஒருவரின் சொல், பிறரைத் தாக்குவோரின் கருவியாக மொழிகளில் நிலைத்துவிட்டது.

பிலிப்பி நகரத்து மடல்

இனி நாம் நினைவில் வைத்த ஊருக்கு வருவோம். தங்கச் சுரங்கங்களுக்கு அருகில் மன்னர் பிலிப்பு தம் பெயர் சூட்டிய அவ்வூரே பிலிப்பி. கி.மு. 42இல் சீசரைக் கொன்றவர்களுக்கும் ஆன்டணி, ஆக்டேவியன் கூட்டணிக்கும் இடையே இறுதிப் போர் மூண்டது அவ்வூரின் சமவெளியில்தான். பிலிப்பிக் என்ற பெயருக்கு முந்தின ஆண்டு இசைவு தந்த புரூட்டஸ், பிலிப்பின் ஊரிலேயே தோற்றுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வென்ற ஆன்டணி, ஓய்வுபெற்ற தம் படைவீரர்களை அங்கே குடியமர்த்தி அதை உரோமைக் குடியேற்ற நகராக்கினார். பின்னர் ஆக்டேவியன் மேலும் பலரைக் குடியேற்றினார். இரண்டு பிலிப்பிக் தொகுதிகளின் இலக்காயிருந்த இருவருமே அவ்வூரைத் தோற்றுவித்தவர்கள்: ஒருவர் கிரேக்கர் காலத்தில், மற்றவர் உரோமையர் காலத்தில். இன்று கிரேக்க நாட்டில் இடிபாடுகளாகக் கிடக்கும் அந்நகரை, 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஏறக்குறைய கி.பி. 50இல் புனித பவுல் அங்கே வந்தார். நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம் பேசினார். செந்நிற ஆடை விற்ற லீதியா திருமுழுக்குப் பெற்றார். அந்நகரிலேயே பவுல் தடிகளால் அடிக்கப்பட்டார். சிறையில் தொழுமரத்தில் மாட்டப்பட்டார். பின்னாளில் வேறொரு சிறையிலிருந்து அந்நகரத்துச் சபைக்கு அவர் எழுதிய மடலே பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம். வெறும் நான்கு அதிகாரங்கள் கொண்ட அம்மடலில் மகிழ்ச்சி என்னும் சொல் திரும்பத் திரும்ப வருவதை நாம் அறிவோம்.

கடுமையே இல்லாத மடல் என்று அதைச் சொல்ல முடியாது. சபையைக் குலைக்க வந்தவர்களைப் பற்றி மூன்றாம் அதிகாரத்தில் மிகக் கூர்மையான சொற்கள் உண்டு. ஆனால் சபைக்குள் இருந்த குறை ஒன்றைத் தொடும்போது அவர் கையாளும் முறையைப் பாருங்கள். எவோதியா, சிந்திக்கே என்னும் இரு பெண்களுக்குள் மனத்தாங்கல். மடலோ எல்லாரும் கூடியிருக்கையில் உரக்க வாசிக்கப்படுவது. பவுல் இருவருடைய பெயரையும் சொல்கிறார், மறைக்கவில்லை. 'வேண்டுகிறேன்' என்னும் வினைச்சொல்லை இருவருக்கும் தனித்தனியே இருமுறை எழுதுகிறார். ஒருவர் பக்கமும் சாயவில்லை. யார் என்ன தவறு செய்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. இருவரும் தம்மோடு நற்செய்திக்காக உழைத்தவர்கள் என்று நினைவூட்டுகிறார். அவர்களுக்கு உதவி செய்யும்படி சபையில் இன்னொருவரையும் பொறுப்பாக்குகிறார்.

இதே பவுல்தான் கலாத்தியரை அறிவிலிகள் என்று கடிந்தவர். ஆனால் அந்த மடலிலேயே அவர்களைத் தம் பிள்ளைகள் என்று அழைத்து, அவர்களுக்காகப் பேறுகால வேதனைப்படுவதாகச் சொல்கிறார். கலாத்தியர் மடல் டெமாஸ்தனிசின் பிலிப்பிக் போன்றது. சினம் உண்டு, வசை இல்லை.

இரு வேறு சினங்கள்

புனித தாமஸ் அக்வினாஸ் இவ்வேறுபாட்டை ஆராய்ந்திருக்கிறார். சகோதரரைத் திருத்துவதை அவர் அன்பின் செயல் என்று அன்பைப் பற்றிய பகுதியில் வைக்கிறார். ஏசுவதையோ, நீதிக்கு எதிரான குற்றங்களின் வரிசையில் வைக்கிறார். இரண்டிலும் வரும் சொற்கள் ஒன்றாகவே இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆண்டவரே தம் சீடரை அறிவற்றவர்கள் என்றார், பவுலும் அவ்வாறே சொன்னார் என்று அவர் சுட்டுகிறார். சொல்பவரின் உள்ளக் கருத்தே வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆயினும் மிகுந்த தேவை இருந்தாலன்றி அத்தகைய சொற்களை எடுக்கக் கூடாது, எடுத்தாலும் அரிதாகவே எடுக்க வேண்டும் என்று, அகுஸ்தீனாரைத் துணைக்கு அழைத்துக் கூறுகிறார்.

உள்ளக் கருத்தை யார் அறிவார் என்று கேட்கலாம். தந்தை மகனிடம், ஆசிரியர் மாணவரிடம், அருள்பணியாளர் மறையுரை மேடையில் சினந்து பேசும்போது, 'நன்மைக்காகத்தான் சொல்கிறேன்' என்று எல்லாருமே நம்புகிறோம். சிசரோவும் அப்படித்தான் நம்பினார். ஜெரோமும் அப்படித்தான் நம்பினார். ஆகவே சொல்பவரின் நம்பிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் போதாது.

கி.மு. 351இன் உரை நமக்கு வெளிப்படையான அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது, கண்டிக்கப்படுபவர் எதிரே இருக்கிறாரா? ஏதென்ஸ் மக்கள் இருந்தார்கள். கோவிலுக்கு வராதவர்களைப் பற்றி, வந்திருப்பவர்களிடம் சினந்து பேசுவதில் என்ன பயன்? இரண்டாவது, அவருக்கு நம்பிக்கை ஏதேனும் மிஞ்சுகிறதா? நீங்கள் ஒன்றும் செய்யாததே உங்களுக்கு நம்பிக்கை என்றார் டெமாஸ்தனிஸ். மூன்றாவது, உரை முடிந்ததும் கேட்டவர் எழுந்து செய்வதற்கு ஏதாவது ஒன்று அவர் கையில் இருக்கிறதா?

இந்த மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. பிள்ளையை அரை மணி நேரம் கடிந்த பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக் காலையில் அவன் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல் எது? பெரும்பாலும் விடை இராது. பழைய குற்றங்களின் பட்டியல் இருக்கும்; அடுத்த அடி எங்கே வைப்பது என்பது இராது. ஆன்டணியின் குடிவெறியைப் பற்றி நூற்றுக்கணக்கான வரிகள் படித்த உரோமையர் ஒருவரிடம், இனி நீர் என்ன செய்வீர் என்று கேட்டிருந்தால், அவரும் விழித்திருப்பார்.

சினத்தை அடக்குவது எளிதன்று. எல்லாச் சினமும் அடக்கத்தக்கதும் அன்று. ஆனால் சினந்து எழும் முன், நாமும் ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொள்ளலாம். டெமாஸ்தனிஸ் தம் மக்களின் சோம்பலை எவ்வளவு கடுமையாகச் சாடினாலும், பேரவையிலிருந்து இறங்கி நடந்த ஒவ்வொருவரும் இரண்டு செய்திகளைத் தெளிவாக அறிந்திருந்தனர். போக வேண்டியவர்கள் தாங்களே; அதற்கு ஆகும் செலவு 92 தாலந்து.